சோடியம் அயான் பேட்டரிக்கு எந்த எலெக்ட்ரோடு மெட்டீரியல்? சோடியத்தோட கணக்க பாத்துட்டு முடிவு பண்ணுங்க

ஒருத்தர் கேட்ட கேள்வி இது தான்: லித்தியமும் சோடியமும் பீரியாடிக் டேபிள்ல ஒரே குரூப், லித்தியம் இருக்குற எடத்துல சோடியத்த போட்டா வேல முடிஞ்சுதே, எதுக்கு இத்தன பேர் புதுசு புதுசா எலெக்ட்ரோடு மெட்டீரியல் தேடிட்டு இருக்காங்க? எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு பிஎச்டி சேரப் போறேன், இதுல எதை எடுத்தா உருப்படியா இருக்கும்? ரெண்டும் தனித்தனி கேள்வி மாதிரி தெரியும் ஆனா முதல் கேள்விக்கு பதில் புரிஞ்சிடுச்சுன்னா ரெண்டாவதுக்கு பாதி பதில் தானா வந்துடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். ஒரு பேப்பர்ல கிராமுக்கு இத்தன மில்லி ஆம்பியர் ஹவர்னு கெபாசிட்டி (எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கறது) போட்டிருக்குற நம்பர மட்டும் பாத்து மெட்டீரியல் எடுக்காதீங்க. முழு செல்லுக்குள்ள இருக்குற சோடியம் மொத்தமும் எங்க இருந்து வருது, முதல் சார்ஜ்ல அதுல எவ்ளோ போய் மாட்டிக்குது, திரும்ப வர்றது எவ்ளோ, இந்தக் கணக்கு தான் ஒரு மெட்டீரியல் லேப தாண்டி வெளிய போகுமா போகாதான்னு பெரும்பாலும் முடிவு பண்ணுது. இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

"அப்படியே மாத்திட வேண்டியது தானே"ங்கறதுக்கு வருவோம். இன்னிக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல இருந்து கிரிட் ஸ்டோரேஜ் வரைக்கும் எங்க பாத்தாலும் இருக்குற எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ங்கற கேதோடு (பாசிட்டிவ் எலெக்ட்ரோடு), அதோட ஆலிவின் ஸ்ட்ரக்சர்ல லித்தியம் ஓடறதுக்குன்னு நேரா ஒரு பாதை இருக்கு. அதே ரெசிபில லித்தியம் கார்பனேட்டுக்கு பதிலா சோடியம் கார்பனேட் போட்டு ஃபர்னஸ்ல வச்சீங்கன்னா வர்றது ஆலிவின் இல்ல, மாரிசைட்னு வேற ஒரு ஸ்ட்ரக்சர், அதுல சோடியமும் இரும்பும் உக்கார்ற எடம் ஒண்ணுக்கொண்ணு மாறிப் போயிருக்கும், சோடியம் வெளிய வர பாதையே இருக்காது. ஃபார்முலா பேப்பர்ல கச்சிதமா இருக்கும், செல்லுல போட்டா கிட்டத்தட்ட ஒண்ணுமே நடக்காது. ஆலிவின் சோடியம் அயர்ன் பாஸ்பேட் வேணும்னா எல்எஃப்பிய எடுத்து அதுல இருக்குற லித்தியத்த உருவிட்டு அந்த எடத்துல சோடியத்த ஏத்தணும், லேப்ல பண்ணலாம், ஆனா லித்தியத்த தவிர்க்கத் தானே இந்த வேலையையே ஆரம்பிச்சோம்.

ஆனோடு (நெகட்டிவ் எலெக்ட்ரோடு) பக்கம் இன்னும் மோசம். கிராஃபைட்ல லித்தியம் ஆறு கார்பனுக்கு ஒண்ணுன்னு உள்ள போகும், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் ஹவர் (இனிமே கெபாசிட்டி நம்பர் எல்லாம் இதே யூனிட்ல தான்). சோடியம் போகாது, சாதாரண கார்பனேட் எலெக்ட்ரோலைட்ல (செல்லுக்குள்ள அயான கடத்தற திரவம்) கிடைக்கிறது ரொம்ப சொற்பம். நிறைய பேர் சோடியம் பெரிசு அதனால நுழையலன்னு எழுதறாங்க, அது சரியான காரணம் இல்ல, ஏன்னா சோடியத்த விட பெரிய பொட்டாசியம் நல்லாவே போகுது, எட்டு கார்பனுக்கு ஒண்ணு, கிராமுக்கு 279. விஷயம் சைஸ்ல மட்டும் இல்ல, எனர்ஜில இருக்கு. சோடியத்துக்கும் கார்பன் லேயருக்கும் நடுவுல உண்டாகுற பிணைப்பு அந்த லேயர்கள விரிக்கிறதுக்கும் சோடியம் உலோகத்த பிரிக்கிறதுக்கும் ஆகுற செலவ ஈடு கட்டற அளவுக்கு இல்ல. லித்தியத்துக்கும் ஈடு கட்டுது, பொட்டாசியத்துக்கும் ஈடு கட்டுது, நடுவுல இருக்குற சோடியத்துக்கு மட்டும் கட்டல. இதுக்கு ஒரு சுத்து வழி இருக்கு, டைக்ளைம் மாதிரி ஈதர் சால்வென்ட் எடுத்தா சோடியம் அந்த சால்வென்ட்டயும் கூட கூட்டிக்கிட்டு கிராஃபைட் உள்ள போகும், 2014ல காட்டினாங்க, ஆனா கெபாசிட்டி 100 பக்கம் தான், லேயரும் பயங்கரமா வீங்கும்.

ஆக ரெண்டு பக்கமும் புதுசா தேட வேண்டியதாப் போச்சு. லாபம் என்னன்னா, பூமியோட மேலோட்டுல சோடியம் ரெண்டரை சதவீதம் பக்கம் இருக்கு, லித்தியம் பத்து லட்சத்துல இருபது பங்கு அளவுல தான். இன்னொண்ணு பலர் கவனிக்காதது, லித்தியம் அலுமினியத்தோட கலந்து அலாய் ஆயிடும், அதனால லித்தியம் செல்லுல ஆனோடுக்கு செம்புத் தகடு தான் போட்டாகணும். சோடியம் அலுமினியத்தோட சேராது, ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடே போதும், வெலயும் கம்மி, வெயிட்டும் கம்மி. அதுக்கு மேல செல்ல ஜீரோ வோல்ட்டுக்கு இறக்கி ஷிப்பிங் பண்ணலாம், செம்பு இருந்தா அவ்ளோ கீழ இறக்கும்போது கரைஞ்சு செல்லையே கெடுத்துடும். நஷ்டம், சோடியத்தோட எடை அணுவுக்கு 23, லித்தியம் 7. வோல்டேஜும் லித்தியத்த விட முன்னூறு மில்லிவோல்ட் மாதிரி கம்மி. அதனால கிலோவுக்கு எத்தன வாட் ஹவர்ங்கற போட்டில சோடியம் எப்பவும் கொஞ்சம் பின்னால தான் நிக்கும், அத ஒத்துக்கிட்டு தான் ஆரம்பிக்கணும்.

இப்ப ஆனோட பாப்போம், ஏன்னா கணக்கு உதைக்கிறது பெரும்பாலும் இங்க இருந்து தான். 2000ல கனடாவுல டல்ஹௌசி யுனிவர்சிட்டில ஸ்டீவன்ஸும் ஜெஃப் டானும் குளுக்கோஸ கரியாக்கி அதுல சோடியம் கிராமுக்கு 300 வரைக்கும் ஏறி இறங்குதுன்னு காட்டினாங்க. அது தான் ஹார்ட் கார்பன். கார்பன்ல எவ்ளோ சூடு பண்ணாலும் கிராஃபைட்டா மாறாத ஒரு வகை இருக்குன்னு 1951லயே ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பிரிச்சுக் காட்டிட்டாங்க, டிஎன்ஏ வேலைல பேர் வாங்கின அதே அம்மா தான். சின்னச் சின்ன கிராஃபீன் துண்டுங்க ஒழுங்கில்லாம ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கிடக்கும், நடுவுல நானோமீட்டர் அளவு துளைங்க இருக்கும். சோடியம் ஏத்தும்போது வோல்டேஜ் கர்வ் ரெண்டு பகுதியா வரும், மொதல்ல ஒரு வோல்ட்டுல இருந்து சரிவா இறங்கும், அப்புறம் 0.1 வோல்ட் பக்கத்துல தட்டையா ஒரு பிளாட்டோ. எந்தப் பகுதில சோடியம் எங்க போய் உக்காருதுன்னு இருபது வருஷத்துக்கு மேல சண்ட ஓடிட்டு இருக்கு, லேயருக்கு நடுவுலயா, டிஃபெக்ட் மேலயா, துளைக்குள்ளயா. பிளாட்டோவோட கடைசில துளைக்குள்ள சோடியம் கூட்டமா சேர்ந்து கிட்டத்தட்ட உலோகம் மாதிரியே ஆகுதுங்கறத என்எம்ஆர்ல பாத்திருக்காங்க, அது இப்ப பரவலா ஒத்துக்கிட்ட விஷயம்.

இந்தத் துளை விஷயத்த நல்லா புரிஞ்சுக்கணும், பாதிப் பேர் சறுக்கறது இங்க தான். வெளிய தொறந்து கிடக்குற துளை வேற, உள்ள அடைபட்ட துளை வேற. தொறந்த துளைன்னா எலெக்ட்ரோலைட் உள்ள பூந்துடும், அவ்ளோ பரப்புலயும் எஸ்இஐ லேயர் (எலெக்ட்ரோலைட் சிதைஞ்சு ஆனோடு மேல உண்டாகுற மெல்லிசான தோல்) படியும், அந்த லேயர் கட்ட தேவைப்படற சோடியம் கேதோடுல இருந்து தான் வரணும், போனது திரும்ப வராது. அடைபட்ட துளைன்னா எலெக்ட்ரோலைட் நுழைய முடியாது, சோடியம் மட்டும் கார்பன் வழியா உள்ள போய் சேரும், திரும்பவும் வரும். இந்த வருஷம் ஒரு தோல், அடுத்த வருஷம் ஒரு இலைன்னு கிடைக்கிறத எல்லாம் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஆக்டிவேட் பண்ணி, கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்புன்னு பெருமையா போட்டு பேப்பர் வருது பாருங்க, சோடியம் செல்லப் பொறுத்தவரைக்கும் அந்தப் பரப்பு ஒரு கேடு. முதல் சைக்கிள்ல போட்டதுல பாதி கூட திரும்ப வராத கேஸ் எல்லாம் உண்டு. ரெண்டாவது சைக்கிள்ல இருந்து கர்வ் போட்டுக் காட்டுவாங்க, அழகா இருக்கும்.

சின்னதா ஒரு கணக்கு. முதல் சார்ஜ்ல கேதோடுல இருந்து 100 சோடியம் கிளம்பி ஆனோடுக்கு போகுதுன்னு வைங்க. நல்ல ஹார்ட் கார்பன்னா 85ல இருந்து 90 திரும்பும். 60 மட்டும் திரும்பற கார்பன்னா 40 அங்கயே செத்துடுச்சு, ஆனா அந்த 40 உக்காந்துட்டு இருந்த கேதோடோட எடைய செல் ஆயுசு முழுக்க சுமக்கணும். வீட்டுல ஒரே ஒருத்தர் சம்பாதிச்சு எல்லாரும் சாப்பிடற மாதிரி தான் இது, கேதோடு ஒண்ணு தான் வருமானம், வேற எங்க இருந்தும் சோடியம் வராது. அதனால தான் ப்ரீசோடியேஷன்னு ஒரு தனி வேல நடக்குது, சோடியம் ஆக்ஸலேட் மாதிரி ஒரு உப்ப கேதோடுல கலந்து முதல் சார்ஜ்ல அது ஒடஞ்சு சோடியத்த குடுத்துட்டு கார்பன் டை ஆக்சைடா வெளிய போயிடற மாதிரி. இந்த ஏரியால இன்னும் செய்ய வேண்டிய வேல ஏராளம், கூட்டம் கம்மி, யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு தலைவலி, சோடியத்தோட எஸ்இஐ லேயர்ல உண்டாகுற உப்புங்க லித்தியத்தோடத விட எலெக்ட்ரோலைட்ல சுலபமா கரையும். முதல் சைக்கிள்ல செலவானதோட நிக்காது, செல்ல சும்மா ஷெல்ஃப்ல வச்சிருந்தா கூட லேயர் கரையும், திரும்ப கட்டும், திரும்ப சோடியம் போகும். அதனால ஐநூறு சைக்கிள வேகமா ஓட்டிக் காட்டறத விட சார்ஜ் பண்ணி ஒரு மாசம் வச்சிருந்து எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கறது எனக்கு பெரிய டெஸ்ட்டா படுது, அத ஏன் பேப்பருங்கள்ல இவ்ளோ கம்மியா பண்றாங்கன்னு எனக்கு உண்மையிலயே வருத்தம் உண்டு.

தேங்காய் ஓடு பத்தி தனியா யாராவது கேப்பீங்க. ஆமா, ஜப்பான்ல குராரே கம்பெனி தாவரத்துல இருந்து ஹார்ட் கார்பன் பண்றாங்க, தேங்காய் ஓடு நல்ல மூலப்பொருள் தான், காங்கேயம் பொள்ளாச்சி பக்கமும் இலங்கைலயும் ஓட்டுக்கரி தொழில் ஏற்கனவே பெருசா இருக்கு. ஆனா அங்க பண்றது ஆக்டிவேட்டட் கார்பன், நீராவி விட்டு துளைய தொறக்கறது தான் அந்தத் தொழிலே, நமக்கு வேண்டியது நேர் எதிர், துளைய மூடறது. அதுக்கு 1200ல இருந்து 1400 டிகிரி வரைக்கும் ஆக்சிஜன் இல்லாம கொண்டு போகணும், ஓட்டுல இருக்குற பொட்டாசியம் சாம்பல ஆசிட்ல கழுவி எடுக்கணும், ஒரு லோடுக்கும் இன்னொரு லோடுக்கும் வித்தியாசம் இல்லாம குடுக்கணும். கடைசில சொன்னது தான் கஷ்டம். செய்ய முடியாததுன்னு சொல்லல, அந்த ஊர்க்காரங்களுக்கு கரியப் பத்தி தெரியாதது இல்ல, ஆனா அதே சூளைல அப்படியே வராதுன்னு தான் சொல்றேன்.

டின், ஆன்டிமனி, பாஸ்பரஸ் எல்லாம் அலாய் ஆனோடு, சீக்கிரம் தாண்டிப் போயிடறேன். நம்பர் மயக்கும், பாஸ்பரஸ் தியரில கிராமுக்கு 2596, டின் 847. டின் முழுசா சோடியம் ஏறும்போது நாலு மடங்குக்கு மேல ஊதும், ஒவ்வொரு சைக்கிளும் வெடிச்சு புதுப் பரப்பு தொறக்கும், புதுப் பரப்புல புது எஸ்இஐ, அதுக்கு மறுபடி சோடியம். ஹார்ட் கார்பன்ல கொஞ்சமா கலந்தா பிரயோஜனம் இருக்கலாம், தனியா எடுக்காதீங்க. டைட்டனேட்ல சோடியம் டைட்டனேட் ஒண்ணு 0.3 வோல்ட்டுல வேல செய்யுதுன்னு 2011ல பிரேம்குமார் செங்குட்டுவன், பலாசின், தாராஸ்கோன் குழு காட்டினாங்க, ஆக்சைடுல அவ்ளோ கீழ வோல்டேஜ்ல சோடியத்த ஏத்தினது அப்ப பெரிய விஷயம். செங்குட்டுவன் இப்ப பெங்களூர் ஜவஹர்லால் நேரு சென்டர்ல இருக்கார், சோடியம் கேதோடுல நல்ல வேல அங்க நடக்குது, கைடு தேடறீங்கன்னா இந்த மாதிரி குரூப்போட பேப்பருங்கள கண்டிப்பா படிங்க.

கேதோடு மூணு குடும்பம். லேயர்டு ஆக்சைடு, பாலியானியான் (பாஸ்பேட், சல்பேட் மாதிரி), ப்ரஷியன் வொயிட்.

லேயர்டு ஆக்சைடுல சோடியத்தோட பெரிய சைஸ் ஒரு வரம். லித்தியம் சின்னது, இரும்பு சைஸ்க்கு பக்கத்துல வரும், ரெண்டும் எடம் மாறிக் கலந்துடும், அதனால லித்தியம் அயர்ன் ஆக்சைடு லேயர் கேதோடா வேலைக்கு ஆகாது. சோடியம் பெரிசா இருக்கறதால தனியா ஒரு லேயர்ல உக்காந்துக்கும், இரும்பு, குரோமியம், காப்பர் எல்லாம் கூட இங்க வேல செய்யும். கோபால்ட் வேண்டாம், நிக்கல கொறச்சுக்கலாம். சீனால பிசிக்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஹூ யோங்ஷெங் குரூப் காப்பர்-இரும்பு-மாங்கனீசு ஆக்சைடு ஒண்ண 2015ல வெளியிட்டாங்க, கெபாசிட்டி வெறும் 100 தான், யாரும் அந்த நம்பருக்காக திரும்பிப் பாக்க மாட்டாங்க, ஆனா அது காத்துல நிலைச்சு நின்னுது, மூலப்பொருள் சல்லிசு. அதே வழில போய் 2017ல ஹைனா பேட்டரின்னு கம்பெனி வந்துது, ஆனோடுக்கு அவங்க எடுத்தது ஆந்த்ரசைட் நிலக்கரி, கெபாசிட்டி 220 தான், ஆனா வெல கம்மி, கரி நிறைய மிஞ்சும். 2023 பிப்ரவரில அவங்க செல்ல வச்சு 25 கிலோவாட் ஹவர் பேக்கோட ஒரு சின்ன காரும் ஓட்டிக் காட்டினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இது.

லேயர்டு ஆக்சைடுல ஓ3, பி2ன்னு பேர் பாப்பீங்க, 1980ல டெல்மாஸ் குடுத்த பேர், சோடியம் எட்டுமுகக் கூட்டுல உக்காந்திருக்கா இல்ல முப்பட்டகக் கூட்டுலயான்னும், எத்தன லேயருக்கு ஒரு தடவ அடுக்கு திரும்ப வருதுன்னும் சொல்லுது. ஓ3ல சோடியம் முழுசா இருக்கும். பி2ல மூணுல ரெண்டு பங்கு தான் இருக்கும், ஆனா சோடியம் வேகமா ஓடும், ஸ்ட்ரக்சரும் பொதுவா கொஞ்சம் திடமா நிக்கும். 2012ல டோக்கியோல கோமாபா குரூப் இரும்பும் மாங்கனீசும் மட்டும் போட்ட ஒரு பி2 மெட்டீரியல்ல கிராமுக்கு 190 வருதுன்னு காட்டினாங்க, உலகமே திரும்பிப் பாத்துது, நியாயமா அது பெரிய வேல தான். ஆனா நீங்களே ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க, அந்த ஃபார்முலாவோட மோலார் எடை 103 பக்கம், அதுல இருக்குற மூணுல ரெண்டு பங்கு சோடியத்த ஒண்ணு விடாம உருவினா கூட 174 தான் வரும். அப்ப 190 எங்க இருந்து வந்துது? எதிர்ப்பக்கம் இருந்த சோடியம் உலோகத் தகடுல இருந்து. முதல் சார்ஜ்ல போனத விட அடுத்த டிஸ்சார்ஜ்ல அதிகமா உள்ள வந்துது, இப்படி எதிர்ல சோடியம் உலோகத்த வச்சு பண்ற ஹாஃப் செல்லுல அது முடியும், ஏன்னா அங்க சோடியம் அளவில்லாம இருக்கு. ஹார்ட் கார்பன எதிர்ல வச்சீங்கன்னா அந்தக் கூடுதல் சோடியத்த குடுக்க யாரும் இல்ல. இதுல யாரும் பொய் சொல்லல, அவங்க பேப்பர்லயே எல்லாம் தெளிவா இருக்கு, படிக்கிறவங்க தான் அந்த நம்பர மட்டும் தூக்கிட்டு வந்துடறாங்க. ஹாஃப் செல்லுங்கறது ஒரு மெட்டீரியலோட குணத்த தெரிஞ்சுக்க, பேட்டரின்னு சொல்லிக்க இல்ல.

பி2ல இன்னொரு பிரச்சன, நிக்கல்-மாங்கனீசு பி2 மெட்டீரியல 4.2 வோல்ட்டுக்கு மேல இழுத்தா சோடியம் காலியான லேயருங்க வழுக்கி ஓ2ங்கற அடுக்குக்கு மாறும், வால்யூம் 23 சதவீதம் பக்கம் சுருங்கும், துகள் வெடிக்கும். மெக்னீசியம், டைட்டானியம் கொஞ்சம் கலந்தா இத அடக்கலாம். இங்கிலாந்துல ஃபாரடியன் கம்பெனி நிக்கல், மாங்கனீசு, மெக்னீசியம், டைட்டானியம்னு நாலையும் சேத்தது இந்த வழில தான், அந்தக் கம்பெனிய 10 கோடி பவுண்டுக்கு ரிலையன்ஸ் வாங்கறதா 2021 டிசம்பர் கடைசில அறிவிச்சாங்க. மாங்கனீசு +3 அயானா இருந்தா யான்-டெல்லர்னு, அதச் சுத்தி இருக்குற எண்முகக் கூடு ஒரு பக்கமா இழுபடும், அதையும் இதே கலவை வேலையால தான் சமாளிக்கிறாங்க.

ஓ3 எடுக்கறவங்களுக்கு பெரிய எதிரி ஈரம். பவுடர காத்துல வச்சா மேல இருக்குற சோடியம் வெளிய வந்து தண்ணியோடவும் கார்பன் டை ஆக்சைடோடவும் சேர்ந்து ஹைட்ராக்சைடாவும் கார்பனேட்டாவும் படியும். அப்புறம் பிவிடிஎஃப் பைண்டர் (பவுடர ஒட்டவைக்கிற பசை) போட்டு தகடுல பூசறதுக்கு ஸ்லரி கலக்கினா அந்தக் காரம் பைண்டரத் தாக்கி ஸ்லரி ஜெல்லி மாதிரி இறுகிடும், கோட்டிங்கே போட முடியாது. கடலோரத்துல லேப் இருக்குன்னா மழைக்காலத்துல பண்ண பேட்ச்சும் கோடைல பண்ண பேட்ச்சும் ஒரே மாதிரி வராது. இங்கயும் சோடியம் கணக்கு தான், செல்லுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பாட்டில்லயே சோடியம் கொறஞ்சிடுது. பவுடர ஒரு வாரம் வெளிய வச்சு திரும்ப எக்ஸ்ஆர்டி (ஸ்ட்ரக்சர் மாறிடுச்சான்னு காட்டற எக்ஸ்ரே டெஸ்ட்) எடுத்துப் பாக்கறது பைசா செலவில்லாத டெஸ்ட், அதப் பண்ணாம ஓ3 பேப்பர் எழுதாதீங்க.

பாலியானியான் குடும்பம் எனக்கு நெருக்கமானது. நாசிகான்ங்கற ஸ்ட்ரக்சர் 1976ல ஹாங்கும் குட்இனஃபும் சோடியம் ஓடற திட எலெக்ட்ரோலைட்டுக்காக கண்டுபிடிச்சது. அதுல வனேடியம் போட்டா வர்றது தான் என்விபி, சோடியம் வனேடியம் பாஸ்பேட். இதுல நம்ம பக்கத்து பங்கு ஒண்ணு பலருக்கு தெரியாது, 1992ல பெங்களூர் ஐஐஎஸ்சில கோபாலகிருஷ்ணனும் கஸ்தூரி ரங்கனும் இந்த என்விபில இருந்து சோடியத்த கெமிக்கலா முழுசா உருவி, கூடு அப்படியே நிக்குதுன்னு காட்டிட்டாங்க, சோடியம் அயான் பேட்டரிக்கு இந்த அளவு கிராக்கி வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி. கெபாசிட்டி 117, வோல்டேஜ் 3.4ல கோடு போட்ட மாதிரி தட்டை, ஆயிரக்கணக்கான சைக்கிள் தாங்கும். கரண்ட் தான் சரியா கடத்தாது, அதனால கார்பன் கோட்டிங் கட்டாயம். ஃப்ளோரின் சேத்தா வோல்டேஜ் 3.8 பக்கம் ஏறும், பிரான்ஸ்ல தியாமாத் கம்பெனி அத வச்சு தான் செல் பண்றாங்க, 2023ல ஒரு ஸ்க்ரூடிரைவர்ல போட்டு கடைக்கே வந்துது. பவர் டூலுக்கு பொருத்தம், ஏன்னா சீக்கிரம் சார்ஜ் ஆகும். ஆனா வனேடியம் வெல ஏறி இறங்கும், விஷத்தன்மையும் உண்டு, மலிவுங்கற சோடியத்தோட அடிப்படை வாதமே அங்க ஆட்டம் காணுது.

அதனால தான் எல்லாரும் இரும்புக்கு வர்றாங்க. என்எஃப்பிபின்னு ஒண்ணு, இரும்பு பாஸ்பேட்டும் பைரோபாஸ்பேட்டும் கலந்தது, 2012ல கொரியால காங் கிசுக் குரூப் கொண்டு வந்தது, தியரி கெபாசிட்டி 129, வோல்டேஜ் 3.1 பக்கம், சார்ஜ் டிஸ்சார்ஜ்ல வால்யூம் மாற்றம் நாலு சதவீதத்துக்குள்ள, எல்லாமே சல்லிசான மூலப்பொருள். வெளியான புதுசுல இது யாரையும் ஆச்சரியப்படுத்தற நம்பர் இல்ல, இப்ப சீனால ஸ்டோரேஜுக்கு டன் கணக்குல பண்றாங்க. சல்பேட்ல பிரபீர் பர்பந்தாவும் யமடாவும் 2014ல காட்டின ஆலுவாடைட்ங்கற ஸ்ட்ரக்சர் இருக்கு, வெறும் இரும்ப வச்சே 3.8 வோல்ட், அது அபாரம், ஆனா சல்பேட் ஈரத்த இழுக்கும், 400 டிகிரி பக்கம் போனா சிதைய ஆரம்பிச்சிடும், அதனால 350ல நிதானமா பண்ணணும். இந்த ஈரப் பிரச்சனைய யாராவது நல்லா தீத்துட்டா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

ப்ரஷியன் வொயிட், நீல மை நிறமியோட குடும்பம் தான். ஃபர்னஸே வேண்டாம், தண்ணில ரெண்டு கரைசல கலந்தா வந்துடும், கெபாசிட்டி 170 வரைக்கும், இரும்பும் சயனைடும் தான். அதே தண்ணி தான் வில்லன், ஸ்ட்ரக்சருக்குள்ள பத்து சதவீதத்துக்கு மேல கூட தண்ணி உக்காந்திருக்கும், அது செல்லுக்குள்ள வந்தா எலெக்ட்ரோலைட்ட கெடுக்கும். 2015ல குட்இனஃப் குரூப் அந்தத் தண்ணிய வெற்றிடத்துல சூடு பண்ணி எடுத்தா கர்வே அழகா மாறிடுதுன்னு காட்டினாங்க. ஆனா உலர்த்தினத காத்துல வச்சா திரும்ப குடிச்சிடும், செல் அதிகமா சூடாகி சிதைஞ்சா ஹைட்ரஜன் சயனைடு வர வாய்ப்பு இருக்கு, டென்சிட்டி கன சென்டிமீட்டருக்கு வெறும் 1.8 கிராம் பக்கம். சீனாவோட சிஏடிஎல் (CATL) பேட்டரி கம்பெனி 2021 ஜூலைல அறிவிச்ச முதல் சோடியம் செல்லுல கேதோடு இது தான், கிலோவுக்கு 160 வாட் ஹவர். சொந்தமா டிரை ரூம் (ஈரம் இல்லாம வச்சிருக்குற அறை) இல்லாத லேப்ல ஒரு ஸ்டூடண்ட் இத எடுத்தா பாதி நாள் தண்ணியோட சண்டையிலயே போயிடும்.

வெலயப் பத்தி ஒரு வார்த்த சொல்லியாகணும். 2022 நவம்பர்ல லித்தியம் கார்பனேட் டன்னு ஆறு லட்சம் யுவான் பக்கம் போச்சு, சோடியத்துக்கு பணம் கொட்டிச்சு, 2023 முடியறதுக்குள்ள ஒரு லட்சம் பக்கம் விழுந்துது. பல கம்பெனி திணறிச்சு, அமெரிக்கால நேட்ரான்ங்கற சோடியம் பேட்டரி கம்பெனிய 2025ல மூடிட்டாங்க. இதப் பாத்து பயப்பட வேண்டாம், ஆனா லித்தியம் வெல ஏறினா தான் நம்ம மெட்டீரியல் ஜெயிக்கும்னு நெனச்சு வேல செய்யாதீங்க. எல்எஃப்பியோட வெலக்கு நேரா நின்னு ஜெயிக்கிற மாதிரி இரும்பு, மாங்கனீசு, கரி, இதுக்குள்ளயே தேடுங்க.

அப்ப உங்களுக்கு என்ன சொல்றேன்னா, நான் இப்ப பிஎச்டி ஆரம்பிச்சா ரெண்டுல ஒண்ணு எடுப்பேன். ஒண்ணு, மாங்கனீசும் இரும்பும் அதிகமா வனேடியம் கம்மியா இருக்குற நாசிகான், இல்ல என்எஃப்பிபி, அதுல துகள் சைஸ், கோட்டிங், தடிமனான எலெக்ட்ரோடு இதுங்கள்ல நிஜமான கேள்விகள் பாக்கி இருக்கு. இன்னொண்ணு, ஹார்ட் கார்பன்ல அடைபட்ட துளைய கட்டுப்படுத்தறது, அதுக்கு புதுசா ஒரு பழத்தோல் தேட வேண்டாம், ஒரே மூலப்பொருள எடுத்து டெம்பரேச்சரையும் சூடேத்தற வேகத்தையும் மாத்தி, கேஸ் அட்சார்ப்ஷன், ஹீலியம் டென்சிட்டி, சின்ன கோண எக்ஸ்ரே மூணையும் சேத்து வச்சு ஆழமா பாருங்க. நைட்ரஜன் அட்சார்ப்ஷன் மட்டும் எடுத்தா அடைபட்ட துளை கண்ணுக்கே தெரியாது, அது உள்ள போக முடியாத எடத்த அது எப்படி அளக்கும்.

எத எடுத்தாலும் முதல் வருஷத்துலயே ஃபுல் செல் (எதிர்ல சோடியம் உலோகம் இல்லாம நிஜ கேதோடும் ஆனோடும் இருக்குறது) பழகுங்க, ரெண்டு எலெக்ட்ரோடோட கெபாசிட்டிய எடை போட்டு பொருத்தறது கை பழகவே நாளாகும். எலெக்ட்ரோடு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்னு மெலிசா பூசினா எல்லா மெட்டீரியலும் வேகமா ஓடும், பத்து மில்லிகிராமுக்கு மேல பூசி பாத்தா தான் விஷயம் தெரியும். முதல் சைக்கிள் கர்வ மறைக்காம போடுங்க. கைடு கிட்ட பேசப் போகும்போது கேக்க வேண்டியது: குளோவ் பாக்ஸ்ல தண்ணியும் ஆக்சிஜனும் ஒரு பிபிஎம்முக்கு கீழ நிக்குதா, பேட்டரி டெஸ்டர்ல ஒரு ஸ்டூடண்டுக்கு எத்தன சேனல் கிடைக்கும், டியூப் ஃபர்னஸ் எத்தன டிகிரி வரைக்கும் போகும். 1000 டிகிரியோட நிக்கிற ஃபர்னஸ்னா ஹார்ட் கார்பன் வேண்டாம், என்எஃப்பிபிக்கு 500, 600 டிகிரி போதும், தாராளமா பண்ணலாம். காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி எடத்துல இந்த வசதி பத்தியெல்லாம் அங்க இருக்குற சீனியர் ஸ்டூடண்ட் கிட்ட கேட்டாலே நேரா சொல்லிடுவாங்க. நீங்க பேசிட்டு இருக்குற லேப்ல என்ன ஃபர்னஸ் இருக்குன்னு தெரிஞ்சதும் கீழ எழுதுங்க, அத வச்சு எந்த டெம்பரேச்சர்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.